மூக்கு லாரியிடம் சொன்ன காயங்கள்

ஆலை நிர்வாகம் எங்கள் சங்கத்துக்கு ஒரு லாரியைச் சும்மா கொடுத்தது என்பதுதான் வெள்ளைப்பாறை ஊரில் யாராலும் நம்ப முடியாமல் போன சம்பவம். அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் ஊர் சுலபமாக நம்பிவிட்டது, ஏனென்றால் அதில் நிர்வாகத்தின் கை எங்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனாலும் தெரிந்தது.

அது ஒரு மூக்கு லாரி, இன்ஜின் முன்னால் மூக்காக நீட்டிக்கொண்டிருக்கிற பழைய ரகம். கல்லைச் சுமந்து ஓடும் பெல்ட் வருவதற்கு முன்னால் குவாரியிலிருந்து சூளைக்குச் சுண்ணாம்புக்கல் அடித்த வண்டி. பெல்ட் வந்ததும் பவர் ஹவுசுக்குப் பின்னால் தள்ளப்பட்டு, மழை நனைத்து, வெயில் காய்ச்சி, சுண்ணாம்புத் தூசி படிந்து, அந்தத் தூசியின்மேல் மறுபடியும் மழை விழுந்து, இன்ஜினுக்குள் முளைத்த உடைமரம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்க, தொட்டால் உதிர்கிற துருவாக நின்றிருந்தது. தொழிலாளர் தின ஊர்வலத்துக்கு எடுத்து ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினார் மானேஜர். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கழுவிக்கொள்ள ஒரு வாளித் தண்ணீர் வைக்காத மனிதர் எங்களுக்கு லாரி கொடுக்கிறார் என்றால், நான் என்ன நினைப்பது?

வேண்டாம் என்று செயற்குழுவில் சொன்னேன். நிர்வாகம் வாங்குவதற்குத்தான் கையை நீட்டும், கொடுப்பதற்கு நீட்டினால் அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. தீர்மானத்தை எதிர்த்து எழுந்த ஒரே கை என்னுடையது. அதிலும் இரண்டே விரல்கள். சூளையின் பல்சக்கரம் நடுவிலுள்ள மூன்றையும் கொண்டுபோய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நிற்கும் அந்தக் கையைத் தூக்கித்தான் என் வாழ்நாள் முழுக்கக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கங்காணிகள் என்னை நண்டு மாசானம் என்பார்கள். தோழர்கள் அண்ணாச்சி என்பார்கள்.

எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. தீர்மானத்தை எதிர்த்தவன் எவனோ, அது நிறைவேறிவிட்டால் அவனே முன்னால் நின்று அந்த வேலையை முடித்துக்கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் மனத்தாங்கல் தங்காது, கோஷ்டி முளைக்காது. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். ஆகவே வடம் கட்டி லாரியைச் சங்கக் கொட்டகைக்கு இழுத்து வந்ததும், உடைமரத்தை வெட்டியதும், எல்லோருக்கும் சுரண்டியும் உப்புத்தாளும் பங்கிட்டுக் கொடுத்ததும், என் பிறவிச் சந்தேகத்தோடு நானேதான்.

துரு சுரண்டுகிறவர்கள் சும்மா சுரண்டமாட்டார்கள். எங்கள் ஆட்கள் கூடினால் பேசுவது ஒரே விஷயம்: யாரை எந்த மிஷின் எப்படித் தின்றது என்று. கல்யாணத்தில் போட்ட நகையைப் பெண்கள் பேசுவதுபோல் இவர்கள் காயத்தைப் பேசுவார்கள், அதில் போட்டியும் உண்டு.

"ஒரு விரலு போனதுக்கா இந்தப் பாடு படுத்துதீரு?" என்றான் வெல்டர் ஞானதிரவியம், பலவேசத்தைப் பார்த்து. சுண்ணாம்பு தெறித்து வெந்துபோன அவனுடைய இடது கண் முட்டை ஓடுபோல வெளுத்திருக்கும். "எனக்குப் பாதி உலகம் போச்சு. நான் வாயைத் திறக்கேனா?"

"பாதி உலகம் போனவன் மீதிப் பாதியில எம்பொஞ்சாதி சுட்ட பணியாரத்தை மட்டும் எப்படிவே சரியாப் பாக்கீரு?" என்றான் பலவேசம். எல்லோரும் சிரித்தார்கள்.

பலவேசம் பெல்ட் ஓட்டுகிறவன். வலதுகைச் சுட்டுவிரல் கிடையாது. அந்தக் கதை எல்லோருக்கும் மனப்பாடம், இருந்தாலும் இடதுபக்க மட்கார்டைச் சுரண்டிக்கொண்டே அன்றைக்கும் சொன்னான். கங்காணி வேகத்துக்காகப் பெல்ட்டின் காப்பு வலையைக் கழற்றிப் போட்டிருந்ததையும், கல் உடைக்கிற கிரஷருக்கு மேலே உருளையில் கூட வேலை பார்த்த உய்காட்டானின் சட்டைக்கை சிக்கியதையும், நிறுத்துகிற பட்டனை அமுக்க ஓடினால் பட்டன் இருந்த இடத்தில் வெறும் ஒயர் தொங்கியதையும், திரும்பி ஓடிவந்து உய்காட்டானின் மற்றக் கையைப் பிடித்து இழுத்ததையும், இழுக்க இழுக்க அவன் உள்ளே போனதையும், போகும்போது பலவேசத்தின் விரலையும் பிடித்த பிடியில் கொண்டுபோனதையும் சொன்னான். "குடிச்சிருந்தானாம்! எவஞ் சொன்னான்? ஒரே வெத்தலையை ஆளுக்குப் பாதியாக் கிள்ளிப் போட்டுட்டுத்தானவே மேல ஏறுனோம். அவன் வாயில வெத்தலை வாசனைதான் அடிச்சுது."

இதைச் சொல்லி முடித்தபோது அவனுடைய சுரண்டிக்குக் கீழே துரு, வேகவைத்த முட்டையின் தோலைப்போல ஒரே தகடாக உரிந்து விழுந்தது. அடியில் வேப்பிலைப் பச்சை பெயின்ட் நேற்று அடித்ததுபோல் மின்னியது. சுரண்டியைப் பிடித்திருந்த கையில் சுட்டுவிரல் இருந்தது.

"பிடி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த தகட்டுக்கு நகர்ந்தான்.

விரல் மற்ற விரல்களைவிட இளசாக இருந்தது. போன அன்றைக்கு அவனுக்கு என்ன வயதோ அந்த வயது விரல். நகத்தில் வெடிப்பில்லை, மடிப்பில் கறுப்பில்லை. மறுநாள் ஞானதிரவியம் பானெட்டைத் தேய்த்துக்கொண்டே தன் கண்ணைச் சொன்னான்; பானெட் பச்சையானது, கண் கறுப்பானது. சப்பாணியாக நடந்தவன் சேசிஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு கால் நசுங்கிய கதையைச் சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்கு நேராக நடந்து போனான். வாசலில் காலடிச் சத்தம் மாறியிருக்கவே அவன் பெண்டாட்டி வேறு யாரோ என்று கதவைத் திறக்கவில்லை.

வெள்ளைப்பாறை இதற்கு ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. முதலில் பெண்கள் வந்தார்கள், தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்து ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்தார்கள். லாரி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதில் கோயில் பூசாரிக்கும் சர்ச் உபதேசியாருக்கும் தகராறு வந்து, கடைசியில் இருவருக்கும் பொதுவாகக் கிழக்கே திருப்பினோம். ரேஷன் கடை மிஷின் பலவேசத்தின் சுட்டுவிரலைப் புதுசு என்று தள்ளிவிட்டது. கடைக்காரர் கோபப்படாமல், பழகுகிற வரைக்கும் கட்டைவிரலையே வைக்கச் சொன்னார். கம்பெனி டாக்டர் வந்து விரலைப் பிடித்துப் பார்த்து, மடக்கிப் பார்த்து, நல்ல விரல் என்று சொல்லிவிட்டுப் போனார். டீக்கடையில் கூட்டம் கூடியது. மானேஜர் மட்டும் கொட்டகைப் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் இரண்டு பேர் சண்டை போட்டாலே எட்டிப் பார்க்கிறவர், இதற்கு வரவில்லை. எனக்கு இருந்த சந்தேகம் அந்த வராத காலடியில்தான் இரட்டிப்பானது.

"அண்ணாச்சி, ஒங்க கையையும் சொல்லிட்டா வலதுபக்க மட்கார்டு முடிஞ்சிரும்" என்றான் ஞானதிரவியம்.

"அது முடியாமலே கிடக்கட்டும்."

"ஏன், வெரலு வந்தா மேடையில தூக்குறதுக்கு ஒண்ணும் இருக்காதுன்னா?"

உப்புத்தாளை அவன் கையில் திணித்தேன். பாதி உண்மையைக் கேலியாகச் சொல்கிறவனிடம் என்ன பேசுவது.

விஷயம் எனக்குப் பிடிபட்டது தங்கபுஷ்பம் வந்த அன்றுதான். உய்காட்டானின் பெண்சாதி அவள். கிரஷருக்குள் போன புருஷனைக் குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்று ஆலை எழுதிக் கொடுத்துவிட்டது; அன்றிலிருந்து அவள் போகாத அலுவலகம் இல்லை. குடித்தான் என்ற அந்த ஒரு சொல்லை எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. நான் மனு எழுதினேன், ஊர்வலம் போனேன், உண்ணாவிரதம் இருந்தேன். கடைசியில் விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவதாக முடிவாகியிருந்தது. கண்ணால் பார்த்த சாட்சி பலவேசம் ஒருவன்தான்.

"பலவேசம் அண்ணே, அதிகாரிட்ட என்ன சொல்லணும்னு ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுங்க" என்றாள்.

"எதைம்மா?"

"அவிய கையைப் பிடிச்சு இழுத்தீயள்லா, அதை."

பலவேசம் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. "நான் யாரையும் பிடிச்சு இழுக்கலியம்மா" என்றான். "எனக்கு ஒண்ணுமே ஆனதில்லையே."

நான் ஒவ்வொருவரிடமும் போனேன். கண் எப்படிப் போனது என்றால் எந்தக் கண் என்றான் ஞானதிரவியம். கால் எப்படி என்றால் இந்தக் காலுக்கென்ன என்றான் சப்பாணியாக நடந்தவன். விரலைக் கொடுத்துவிட்டு லாரி கதையை எடுத்துக்கொண்டுவிட்டது. சாட்சி சொல்ல வேண்டிய கையெல்லாம் முழுசாகி, சாட்சி சொல்ல வேண்டிய வாயெல்லாம் காலியாகிவிட்டது. விசாரணை நெருங்குகிற நேரத்தில் இப்படி ஒரு லாரியைக் கொடுக்க மானேஜருக்குத் தோன்றியது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. பலவேசம் பெல்ட்டில் ஏறினான். வலை அன்றைக்கும் இல்லை. பயம் என்பது அவன் உடம்பில் இல்லை. இதுவரை விரல் இல்லாத இடம் அவனை எச்சரித்துக்கொண்டிருந்தது, இப்போது எச்சரிக்க ஒன்றுமில்லை. உருளையில் ஒட்டிய கல்லைத் தட்டிவிட அந்தப் புது விரலையே நீட்டினான். விரல் போன கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு வந்து, "ஒரு சுரண்டியைக் குடுங்க அண்ணாச்சி" என்றான். லாரியின் படிக்கட்டுத் தகட்டில் உட்கார்ந்து சுரண்டியபடி கல்லைத் தட்டிய கதையை நாலு வரியில் சொன்னான். விரல் வந்தது, தகடு பச்சையானது, அவன் எழுந்து வந்த வழியே வேலைக்குப் போனான். துணியில் இருந்த ரத்தம் யாருடையது என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனான்.

செயற்குழுவைக் கூட்டினேன். லாரியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அல்லது கொளுத்திவிட வேண்டும் என்றேன். "தோழர்களே, விரல் வெட்டுகிற மிஷினும் விரல் முளைக்கவைக்கிற மிஷினும் ஒரே முதலாளியிடம் இருந்தால், அவன் வலை எதற்குப் போடுவான்?" என்று கேட்டேன். நல்ல கேள்வி. இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கொட்டகை எழுந்து நின்றிருக்கும். இப்போது கை முழுசான மனிதர்கள் கொட்டாவி விட்டார்கள். அப்போதுதான் தங்கபுஷ்பம் எழுந்தாள்.

"நானும் லாரிக்கிட்ட சொல்லணும்" என்றாள். "வெரலு வருது, கண்ணு வருது. ஆளு வராதா?"



"வந்தாலும்மா," என்றேன், "அவன் செத்ததே இல்லைன்னு ஆயிரும். அந்தக் கிரஷரு அங்கயே ஓடும். அவன் மறுநாளே அதே பெல்ட்டுல ஏறுவான். பலவேசத்தைப் பாத்தேல்லா?"

"பாத்தேன்."

"விசாரணை இருக்கு. அந்தச் சொல்லை எடுக்க வச்சிரலாம். இன்னும் கொஞ்சம் பொறு."

"சொல்லை எடுத்து நான் எங்க வைக்க அண்ணாச்சி?" அவள் குரல் உயரவில்லை. "ஒங்களுக்குத் தூக்கிக் காட்ட ஒரு கை இருக்கு. அதைப் பாத்தா நாலு பேரு நிக்காவ. எங்கிட்ட என்ன இருக்கு காட்ட? அவிய சட்டை இருக்கு. அதுலயும் ஒரு கை கிடையாது."

ஓட்டுக்கு விட்டார்கள். எதிர்த்து எழுந்தது என் கை மட்டும்தான்.

அவள் லாரியின் கேபினில் ஏறி உட்கார்ந்தாள். துரு மிச்சமிருந்தது கேபினிலும் வலதுபக்க மட்கார்டிலும் மட்டும். உப்புத்தாளைக் கதவில் வைத்துத் தேய்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு அவன் பழைய சோறு வேண்டாம் என்றதை, மீன் வாங்கி வைக்கச் சொன்னதை, சட்டையில் பொத்தான் போயிருந்ததால் கையை மடிக்காமல் தொங்கவிட்டுக்கொண்டு போனதை, அந்தப் பொத்தானைத் தைக்கத் தனக்கு நேரமில்லாமல் போனதை, சைக்கிள் ஆலை வாசலுக்குள் திரும்பியதை. கதவு பாதிவரை பச்சையானது. அதோடு அவள் நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. வாசலுக்கு அந்தப் பக்கம் நடந்தது அத்தனையும் பலவேசத்தின் கதை, அந்தக் கதையை லாரி தின்று முடித்திருந்தது.

"பலவேசம் அண்ணே" என்றாள்.

அவன் கை கட்டி நின்றான். உண்மையிலேயே வருத்தமாகத்தான் நின்றான், எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று தெரியாமல்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். கொட்டகையே திரும்பியது. அந்தக் கதையைக் கூட்டத்துக்குக் கூட்டம், ஊருக்கு ஊர், பலவேசத்தின் வாயால் கேட்டதை அவனைவிட நன்றாகச் சொன்னவன் நான். வலை, ஒயர், வெற்றிலை, எல்லாம் என்னிடம் இருந்தன. தீர்மானத்தை எதிர்த்தவனும் நான்தான். முன்னால் நின்று முடித்துக்கொடுக்க வேண்டியவன் நான் என்பதை யாரும் எனக்கு நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தால் கோபித்துக்கொண்டு வெளியே போயிருப்பேன்.

உப்புத்தாளை வாங்கிக்கொண்டு நான் சொன்னேன். என் வாழ்க்கையில் மைக் இல்லாமல், கை தூக்காமல், யாரையும் எழுந்து நிற்கவைக்க நினைக்காமல் பேசிய ஒரே பேச்சு அது. சிக்கிய சட்டைக்கையைச் சொல்லும்போது தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள், மூடிய கண்ணைத் திறக்காமலே கடைசிவரை கேட்டாள். "வாயில வெத்தலை வாசனைதான் அடிச்சுது" என்று முடித்தேன். கதவு முழுசாக உரிந்தது.

கொட்டகை வாசலில் சைக்கிளோடு உய்காட்டான் நின்றுகொண்டிருந்தான். "இங்க உக்காந்து என்னட்டி செய்த?" என்றான் பெண்சாதியைப் பார்த்து. "மீனு வாங்கினியா?"

"இன்னும் இல்ல, இதோ போறேன்" என்று அவள் இறங்கினாள். கன்னத்தில் ஈரம் இருந்தது. அதைத் துடைத்துவிட்டு, என்ன ஈரம் என்று விரலைப் பார்த்தாள்.

அவள் வீட்டுச் சுவரில் மாலை போட்டிருந்த படத்தை அன்றைக்கே யாரோ கழற்றினார்கள். அவன் இத்தனை நாள் எங்கே போயிருந்தான் என்று கேட்டவர்களுக்கு, வெளியூரில் வேலையாக இருந்தான் என்று கேட்டவர்களே பதில் சொல்லிக்கொண்டார்கள். விசாரணை அதிகாரி வந்தார், இறந்தவர் யார் என்று கேட்டார், இறந்தவரே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். லாரி என்னிடமிருந்து ஒன்றையும் எடுக்கவில்லை. நான் சொன்னது என் உடம்பின் கதை இல்லை. அதனால் எடுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அல்லது ஒருவனிடமாவது விட்டுவைத்து வேடிக்கை பார்க்கிறதோ என்னவோ, அதையும் நான் சந்தேகப்படுகிறேன்.

ஊர்வலம் முடிந்ததும் மானேஜர் லாரியை இரவல் கேட்டார். சங்கம் கொடுத்துவிட்டது, ஓட்டிக்கொண்டுபோய் விட்டவனும் நான்தான். இப்போது அது ஆலைக்குள் கல் ஏற்றி ஓடுகிறது, எங்கள் கொடியோடு. இடையில் காயம் பட்டவனையும் ஏற்றிக்கொண்டு குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவில் ஒரு சுற்று சுற்றும். ஏறும்போது கத்துகிறவன் இறங்கும்போது பீடி கேட்பான். தினமும் எங்காவது துரு பிடிக்கிறது, தினமும் யாராவது சொல்கிறார்கள்.

நான் தினமும் காலை ஷிப்டுக்கு வாசலில் போய் நிற்கிறேன். கையைத் தூக்கிக்கொண்டு, வலை இல்லாமல் ஏறாதே, பட்டன் இருக்கிறதா பார், சட்டைக்கையை மடித்துப் போடு என்று கத்துகிறேன். எவன் காசு கொடுத்து நிறுத்தியிருக்கிறான் இந்த ஆளை என்று இப்போது என்னைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். தங்கபுஷ்பம்கூட ஒருநாள் வந்து, "நல்லா இருக்கிற குடும்பத்தை ஏன் அண்ணாச்சி காலங்காத்தால பயங்காட்டுதீய, எங்க வீட்டுல அவியளுக்குச் சோறு இறங்க மாட்டேங்குது" என்று திட்டிவிட்டுப் போனாள். அவள் திட்டியது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

நேற்று உய்காட்டான் என் முன்னால் சைக்கிளை நிறுத்தினான். ஒரு காலைத் தரையில் ஊன்றி, என் கையையே பார்த்தான். ஊரில் இப்போது குறைந்த கை இது ஒன்றுதான். இளவட்டங்கள் பார்த்திராத பொருள்.

"கேக்கேன்னு தப்பா நினைக்காதீய" என்றான். "இது எப்படி ஆச்சு?"

அந்த நேரம் பார்த்து லாரி கல் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு உள்பக்கம் மெல்ல ஊர்ந்து வந்தது. எங்கள் பக்கத்தில் வந்ததும் இன்னும் மெல்ல ஊர்ந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். முதல் சங்கு ஊதியது. உய்காட்டான் பெடலில் காலை வைத்தான். நான் சைக்கிள் ஹேண்டிலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. லாரி குவாரி வளைவில் திரும்பி, அதன் சத்தம் கேட்காமல் போகிறவரைக்கும் பிடித்திருந்தேன்.

"அன்னைக்கும் வலை இல்லைடே" என்று ஆரம்பித்தேன்.

இரண்டாவது சங்கு ஊதியது. அவன் இறங்கி சைக்கிளை ஸ்டாண்டு போட்டான்.